பதில் கேட்கும் எழுத்து

"நம் சங்க மலருக்கு உங்கள் ரயில்வே அனுபவங்களை எழுதிக் கொடுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. சிக்னல் பிரிவில் முப்பத்தாறு ஆண்டு ஓடியவனுக்குச் சொல்ல விஷயமா இல்லை? ஆனாலும் எழுத உட்கார்ந்தால் மனம் வேறொன்றையே சுற்றி வருகிறது. அறுபது தாண்டிய பிறகு நான் கற்றுக்கொண்ட ஒரு வேலை அது. கணிப்பொறியில், படிப்பவர் பதில் சொல்லச் சொல்ல வளர்ந்து போகும் எழுத்தை எழுதுவது. இதை 'ஊடாடும் ஊடகம்' என்கிறார்கள். ரயில்வே இல்லாமல் அதைச் சொல்ல முடியாது என்பதால், செயலாளர் கேட்டதும் இதில் கொஞ்சம் கிடைத்துவிடும்.

ஓய்வுக்குப் பின் நான் குடியிருப்பது வரதய்யபாளையத்தில். தடாவிலிருந்து காளஹஸ்தி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். சித்தூர் மாவட்டமாக இருந்தது, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் ஆயிற்று. பக்கத்திலுள்ள சத்தியவேடு 1960-ஆம் ஆண்டு எல்லை மாற்றத்தில் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்தோடு சேர்ந்தது. அந்த மாற்றத்தில்தான் திருத்தணி அந்தப் பக்கம் போனது. கோடு மாறியதே தவிர வீட்டில் பேசும் பேச்சு மாறவில்லை. ஆகவே எங்கள் தெருப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும். பேசுவார்கள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. நம் சங்கத்துக் குடும்பங்களில் இந்தக் கதை யாருக்கும் புதிதல்ல.

அவளுக்காகத்தான் ஆரம்பித்தேன். அச்சுப் புத்தகத்தை நீட்டினால் ஓடிவிடுகிறாள், செல்போனை நீட்டினால் உட்காருகிறாள். சரி, செல்போனிலேயே தமிழை வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். பொறியியல் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி 'ட்வைன்' என்ற இலவச மென்பொருளைக் காட்டிக்கொடுத்தான். கிறிஸ் கிளிமாஸ் என்ற அமெரிக்கர் 2009-ல் உருவாக்கியது. அதில் ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும், அந்தச் சொல்லே ஒரு கதவாகிவிடும். அதைத் தொட்டால் அடுத்த பகுதி திறக்கும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. முடித்ததை ஒரே கோப்பாகச் சேமித்து, இணையம் இல்லாத இடத்திலும் திறந்து படிக்கலாம்.

முதல் தோல்வி

கதை ஒன்று கட்டினேன். தடா ஸ்டேஷனில் ஒரு பாட்டி இறங்குகிறாள். தெலுங்கு தெரியாது. எதிரில் நிற்கும் பிள்ளையிடம், "என் மகன் வேலை பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும், வழி சொல்லம்மா" என்கிறாள். படிக்கும் குழந்தைதான் அந்தப் பிள்ளை. பாட்டி கேட்பதைப் படித்துப் பதிலைத் தொட வேண்டும். சில இடங்களில் பதிலை எழுத வேண்டும்.

பாட்டி கேட்கும் கேள்விகளில் ஒன்று: "நிறையத் தொழிற்சாலை இருக்கிற இடமாமே, அதன் பேர் என்ன?" சத்தியவேடு, வரதய்யபாளையம் பகுதிகளில் 2008 முதல் வளர்ந்துவரும் ஸ்ரீசிட்டிதான் விடை. என் மகனுக்கே அங்கேதான் வேலை. பேத்திக்கு இது தெரியாமல் இருக்குமா? செல்போனில் எழுத்து எழுத்தாகத் தேடி 'ஸ்ரீசிட்டி' என்று அழகாக எழுதினாள். திரையில் சிவப்பில் 'தவறு' என்று வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடியும் 'தவறு'. மூன்றாவது முறை செல்போனை என் மடியில் வைத்துவிட்டு, "நாக்கு தமிழ் ராது தாத்தா" என்றாள். எனக்குத் தமிழ் வராது என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் எழுதியதில் பிழையே இல்லை. அன்றிரவு அந்தத் தம்பியை வைத்துக்கொண்டு ஆராய்ந்ததில் விஷயம் விளங்கியது. கணிப்பொறிக்கான யூனிகோடு முறையில் 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று 'ஸ'வில் தொடங்குவது. இன்னொன்று, 2005-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட 'ஶ' என்ற எழுத்தில் தொடங்குவது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், இயந்திரத்துக்கோ இரண்டும் வேறு. என் கணிப்பொறியில் ஒரு ஸ்ரீ, அவள் செல்போனில் இன்னொரு ஸ்ரீ. கொகர வரிசைக்கும் இந்தக் கண்டம் உண்டு. 'கொ' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரலாம், தனித்தனியே இரண்டு குறிகளாகவும் வரலாம். இரண்டையும் ஒன்றாகக் கருது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் சரியான விடைக்கும் சிவப்பு விழும்.

ஒரு கருவிக் கோளாறு என்று இதை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. 'தவறு' என்ற சொல்லை அங்கே எழுதி வைத்தவன் நான். புத்தகத்தில் ஒரு பிழை இருந்தால் படிப்பவர், "அச்சுப் பிழை" என்று நம்மைக் குறை சொல்வார். இந்த எழுத்தில் பிழை இருந்தால் படிக்கும் குழந்தை தன்னையே குறை சொல்லிக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றுதான் உறைத்தது.

புதிது ஒன்றும் இல்லை

கொஞ்சம் படித்துப் பார்த்ததில், இந்தக் கலை நமக்கு அந்நியமானதல்ல என்று தெரிந்தது. வேதாளம் கதை சொல்லி முடித்துக் கேள்வி கேட்கும். விக்கிரமாதித்தன் பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் முருங்கை மரம் ஏறும். கேட்பவரின் பதிலால் நகரும் கதைதானே இது? எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். கூட்டத்தில் ஒருவர் ஒரு வார்த்தை விட்டால் அதையே பிடித்துக்கொண்டு கூத்தை வளர்ப்பான். பார்ப்பவர் வாய் திறக்கும்போது என்ன சொல்வது என்பது அவனுக்குக் கைவந்த கலை.

கணிப்பொறியில் இதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் வில் கிரவுதர் என்ற அமெரிக்கப் பொறியாளர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் வேலை செய்தவர். குகைகளுக்குள் இறங்கி அளவெடுப்பது அவர் பொழுதுபோக்கு. மணமுறிவுக்குப் பிறகு, தன் பெண் குழந்தைகள் தன்னிடம் வரும்போது விளையாடட்டும் என்று 1975-76 வாக்கில் ஒரு குகைக் கதையை எழுதினார். படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். "எடு விளக்கு" என்பதுபோல இரண்டு சொல் தட்டினால் கதை நகரும். அடுத்த ஆண்டே டான் வுட்ஸ் என்ற இன்னொருவர் அதை விரிவாக்கினார். என்னைப் போல ஒரு பொறியாளன் வீட்டுக் குழந்தைக்காக எழுதியது என்று அறிந்தபோது எனக்குத் தெம்பு வந்தது.

தமிழர்களும் பின்தங்கிவிடவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்ற உழைத்தார். 1997-ல் அங்கேயும் 1999-ல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, முனைவர் வா.செ. குழந்தைசாமியின் வழிகாட்டலில் 2001 பிப்ரவரியில் தொடங்கியது தமிழ் இணையப் பல்கலைக்கழகம். இப்போது அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். நம்மைப் போல் தமிழகத்துக்கு வெளியே வாழ்பவர்களின் பிள்ளைகளை மனத்தில் வைத்தே அது அமைக்கப்பட்டது. அதன் மழலைக் கல்வியில் பாட்டு, கதை, உரையாடல் எல்லாம் ஒலியோடு வரும். பட்டப் படிப்புப் பாடங்களைத் திறந்தால், இந்தப் பாடம் எதைப் பற்றியது, படித்தால் என்ன பயன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நடுநடுவே தன் மதிப்பீட்டு வினாக்கள் உண்டு. நாம் கேட்டால்தான் விடை வரும். திரைக்கென்று தமிழ் எழுதப் பழகுகிறவர் இவற்றை ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

ரயில்வே சொல்லிக் கொடுத்தது

ஒரு ஸ்டேஷனுக்குச் சிக்னல் அமைக்கும் முன் 'கன்ட்ரோல் டேபிள்' என்றொரு பெரிய அட்டவணை தயாரிப்போம். எந்தச் சிக்னலிலிருந்து எந்தத் தடத்துக்கு வண்டி போகலாம், அதற்கு எந்தெந்தப் பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும், எந்தத் தடம் காலியாக இருக்க வேண்டும், அப்போது வேறு எந்தச் சிக்னல் பச்சை காட்டக் கூடாது என்று ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வரி. வருஷத்தில் ஒரு நாள்தான் அந்தத் தடத்தில் வண்டி போகும் என்றாலும் அதற்கும் ஒரு வரி உண்டு. எழுதாமல் விட்ட வரிதான் என்றைக்கோ ஒரு நாள் ஆளைக் கொல்லும் என்பார் எனக்கு வேலை கற்றுத் தந்த பெரியவர்.

இந்த எழுத்துக்கும் அதேதான் வேண்டும் என்று பட்டது. ஒரு பெரிய காகிதத்தில் கதைக்கு ஒரு கன்ட்ரோல் டேபிள் போட்டேன். குழந்தை எங்கே நிற்கிறாள், என்னென்ன சொல்லக்கூடும், ஒவ்வொன்றுக்கும் பாட்டி என்ன சொல்வாள், அடுத்து எங்கே போகும்.

போட்டதுமே ஒரு கணக்குச் சிக்கல் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பதில் என்று வைத்தால் பத்தாவது கட்டத்தில் 1024 முடிவுகள். எந்த மகாராஜன் எழுதுவான்? இதற்கும் ரயில்வேயே வழி காட்டியது. ஸ்டேஷனில் லூப் லைன் என்று ஒன்று உண்டு. வண்டி மெயின் லைனை விட்டு அதில் ஒதுங்கும், நிற்கும், ஸ்டேஷன் தாண்டியதும் மறுபடி மெயின் லைனிலேயே சேரும். கதையிலும் அப்படியே. குழந்தை எதைச் சொன்னாலும் அதற்கேற்ற பேச்சு கொஞ்ச தூரம் ஓடட்டும், பிறகு கதையோடு சேரட்டும். சேரும்போது அவள் சொன்னதைப் பாட்டி நினைவு வைத்திருந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், தன் பேச்சுக்கு மதிப்பிருந்தது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

தவறான பதிலுக்கும் ரயில்வேயில் பாடம் உண்டு. சிவப்பைத் தாண்டி வண்டி வந்துவிட்டால் அதைத் தடுத்து நிறுத்தச் சில இடங்களில் மணல்மேடு வைத்திருப்போம். வண்டி அதில் ஏறி வேகம் இழந்து நிற்கும். டிரைவரைத் தண்டிப்பதற்காக வைத்தது அல்ல அது. என் கதையிலிருந்த சிவப்புத் 'தவறு'களை எல்லாம் எடுத்துவிட்டு மணல்மேடு போட்டேன். "என் காதில் சரியாக விழவில்லையம்மா, முதல் எழுத்தை மட்டும் சொல்லேன்" என்கிறாள் பாட்டி.

இன்னொன்று, கேட்டதும் சொன்னதும் உறுதியாக வேண்டும். இன்டர்லாக் இல்லாத லெவல் கிராசிங்கில் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொன்னதும், கேட்மேன் கேட்டை மூடிவிட்டுத் தன் தாளில் உள்ள பிரைவேட் நம்பரைச் சொல்ல வேண்டும். அது பதிவேட்டில் ஏறினால்தான் மேற்கொண்டு வேலை. வெறும் "சரி சார்" அங்கே செல்லாது. திரையிலும் குழந்தை ஒன்றைத் தொட்டால், என்ன தொட்டாள் என்று கதை ஒரு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஓ, ஆட்டோவில் போகலாம் என்கிறாயா?" என்று பாட்டி கேட்டால் தவறித் தொட்டவள் திருத்திக்கொள்வாள்.

தமிழுக்கே உரிய தொல்லைகள்

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் நமக்கு உண்டு. வெற்றிடம் விட்டு அதில் ஊர்ப் பெயரை நிரப்புவது அவர்களுக்குச் சுலபம். நமக்கோ தடா 'தடாவுக்கு' ஆகும், கூடூர் 'கூடூருக்கு', சத்தியவேடு 'சத்தியவேட்டுக்கு', வரதய்யபாளையம் 'வரதய்யபாளையத்துக்கு'. பெயரோடு வெறும் 'க்கு'வை ஒட்டினால் 'வரதய்யபாளையம்க்கு' என்று பல்லை இளிக்கும். பதிவு செய்த குரல் துண்டுகளை ஒட்டித் தரும் எந்த அறிவிப்பிலும் இந்த இடத்தில்தான் இடறும். ஒன்று, ஒவ்வொரு பெயருக்கும் உருபு ஏற்ற வடிவத்தைத் தனியே எழுதி வைக்க வேண்டும். அல்லது 'போகும் ஊர்: தடா' என்று பெயர் தனித்து நிற்கும்படி வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

அடுத்தது ஆம், இல்லை. "சாப்பிடவில்லையா?" என்று கேட்டால் சாப்பிடாதவர் "ஆமாம், சாப்பிடவில்லை" என்பார், "இல்லை, சாப்பிடவில்லை" என்றும் சொல்வார். இரண்டும் தமிழ்தான். "இன்னொரு பாடம் வேண்டாமா?" என்று கேட்டுக் கீழே 'ஆம்', 'இல்லை' என்று போட்டால் எதைத் தொடுவது? எதிர்மறையில் கேட்கக் கூடாது. பதிலையும் முழுதாக எழுத வேண்டும். 'இன்னொரு பாடம் படிக்கிறேன்', 'இன்றைக்குப் போதும்.' குழப்பம் தீர்ந்தது, குழந்தைக்குப் படிக்க ஒரு வாக்கியமும் கிடைத்தது.

நீ என்பதா, நீங்கள் என்பதா? பாட்டி பேத்தியை 'நீ' என்பாள். பேத்தி பாட்டியை 'நீங்க' என்பாளா, 'நீ' என்பாளா என்பது வீட்டுக்கு வீடு மாறும். இயந்திரம் பெரியவர்களிடம் 'அழுத்து' என்றால் கோபம் வரும். இதையெல்லாம் முதல் வரி எழுதும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஒன்றில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். "வண்டி நேரம் அறிய எண் இரண்டை அழுத்தவும்" என்னும்போது காரியம் முதலில் வருகிறது, எண் பின்னால் வருகிறது. காது காரியத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணுக்குக் காத்திருக்கும். நம் வாக்கிய அமைப்பே குரல் வழிச் சேவைக்குத் தோதானது.

விட்டுப்போன வரி

இவ்வளவும் திருத்தி, சிவராத்திரி விடுமுறையில் பேத்தியைத் தாஜா செய்து மறுபடி உட்கார வைத்தேன். ஸ்ரீ இந்த முறை தகராறு செய்யவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்தவள், பாட்டி வழி கேட்கும் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். கீழே மூன்று பதில்கள் இருந்தன. மூன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியாது பாட்டின்னு சொல்லணும்னா எங்கே தொடறது தாத்தா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கன்ட்ரோல் டேபிளில் அத்தனை வரியும் எழுதியவன் அந்த ஒரு வரியை எழுதவில்லை. தெரிந்த குழந்தைக்கும் தவறாகச் சொல்லும் குழந்தைக்கும் பாதை போட்டேன். 'எனக்குத் தெரியாது' என்று உள்ளதைச் சொல்கிற குழந்தைக்குப் பாதையே இல்லை. அன்றைக்கு அவள் 'தமிழ் ராது' என்று எழுந்து போனதற்கும் இதுதானே காரணம்? தெரியாது என்று சொல்லக் கதைக்குள் இடமில்லாதவள் கதையை விட்டு வெளியே போய்ச் சொன்னாள்.

அன்றே அந்த வரியைச் சேர்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே 'எனக்குத் தெரியாது பாட்டி' என்று ஒரு பதில். தொட்டால் பாட்டி, "எனக்கும் இந்த ஊர் தெரியாதே. வா, அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேரும் படிப்போம்" என்கிறாள். பலகையில் பெரிய எழுத்தில் தமிழ். தொட்டால் ஒவ்வொரு எழுத்தும் ஒலிக்கும். தெருப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். மற்ற பதில்களை விட்டுவிட்டு முதலில் அந்த வரியைத்தான் எல்லோரும் தொடுகிறார்கள்! என் பேத்தியும் சில இடங்களில் விடை தெரிந்தே அதைத் தொடுகிறாள். பாட்டியோடு சேர்ந்து பலகை படிப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது.

நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கதை சொல்லத் தெரிந்த பாட்டிமார்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கணிப்பொறியைக் கண்டு அஞ்ச வேண்டாம், முதலில் காகிதமே போதும். ஐந்து துண்டுச் சீட்டில் ஐந்து காட்சி எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் குழந்தை என்னென்ன சொல்லும் என்று எழுதுங்கள். பிறகு ஒரு குழந்தையை எதிரில் உட்கார வைத்து, நீங்கள் வாய் திறக்காமல், அது எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். அதை எழுதிச் சேர்த்த பிறகு கணிப்பொறியில் ஏற்றலாம்.

ஏற்றும் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். தடாவில் வண்டி ஏறி வந்துவிடுகிறேன். பேத்தியையும் அழைத்து வருவேன். சோதித்துப் பார்க்க அவளை விடக் கண்டிப்பான இன்ஸ்பெக்டர் எனக்குக் கிடைக்கவில்லை.